கழுத்தில் மஞ்சள் அட்டையோடு மைசூரில் பத்து நாள்

மைசூருக்குப் போகிறேன் என்றதும் திருநெல்வேலியில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: அரண்மனையைப் பார்க்காமல் வந்துவிடாதே. நான் அரண்மனையைப் பார்க்கவில்லை. பத்து நாளும் கையில் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்துக்கொண்டு என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாக்கு எங்கே படுகிறது, உதடு எப்படிக் குவிகிறது, பல் எதைத் தொடுகிறது என்று. என் வாய்க்குள் இத்தனை சங்கதி இருப்பது நாற்பத்து மூன்று வயதில்தான் எனக்குத் தெரிந்தது.

நான் நர்ஸ். ஒரே தனியார் மருத்துவமனையில் பத்தொன்பது வருஷம். எங்கள் நிர்வாகத்துக்கு நாலைந்து ஊர்களில் கிளை உண்டு, மைசூரிலும் ஒன்று. வெளிநாட்டு நோயாளிகளுக்கென்று தனி வார்டு திறக்கப் போகிறோம், அதற்கு இன்சார்ஜாக வருகிற சிஸ்டருக்கு ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடாக இருக்க வேண்டும் என்றார்கள். ஊசி போடத் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

மேட்ரன் என்னைக் கூப்பிட்டு, "வடிவு, மைசூருக்குப் போயி பேசக் கத்துக்கிட்டு சர்டிபிகேட்டோட வந்துரு. இல்லன்னா உன்னை லினன் ரூமுக்கு மாத்தச் சொல்லுதாவோ. நான் என்ன செய்யட்டும்?" என்றார். லினன் ரூம் என்பது சலவையிலிருந்து வருகிற படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிற இடம். அங்கே போனால் பிறகு நோயாளியின் முகத்தையே பார்க்க முடியாது. நான் கையைப் பிடித்து ஊசி போடக் கற்றுக்கொடுத்த இரண்டு பிள்ளைகள், இங்கிலீஷ் பள்ளியில் படித்த ஒரே காரணத்தால் எனக்கு மேலே போயாயிற்று. அந்த வயிற்றெரிச்சலோடுதான் வண்டி ஏறினேன்.

மைசூரில் இறங்கிய அன்றே டவுன் பஸ்ஸில் மூக்குடைபட்டேன். பெண்களுக்கு இலவசம் என்று கேள்விப்பட்டிருந்ததால், ஊரில் இருப்பது மாதிரி நினைத்துக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் அட்டையைக் கேட்டார். ஆதாரை நீட்டினேன். திருப்பிப் பார்த்துவிட்டு, "இது உங்க ஊருக்கு அம்மா, எங்க ஊர்ப் பெண்களுக்குத்தான் சும்மா" என்று கன்னடத்தில் சொன்னார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். டிக்கெட் வாங்கினேன். கன்னடம் எனக்குத் தெரியாது, ஆனாலும் அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

விஜயநகரில் எங்கள் மருத்துவமனைப் பெண்கள் தங்குகிற விடுதியில் இடம் சொல்லியிருந்தார்கள். விஜயநகர் என்றால் ஒரு விஜயநகர் இல்லை. முதல் ஸ்டேஜ், இரண்டாம் ஸ்டேஜ் என்று போய்க்கொண்டே இருக்கிறது. இரண்டில் இறங்க வேண்டியவள் மூன்றில் இறங்கிவிட்டேன். பெட்டியோடு நின்றவளை, காதுவரை குல்லா போட்டு நடந்துகொண்டிருந்த ஓய்வூதியக்காரர் ஒருவர் பார்த்தார். நான் தமிழில் கேட்டேன், அவர் கன்னடத்தில் கையை ஆட்டி ஆட்டி வழி சொன்னார். நேராக விடுதி வாசலில் போய் நின்றேன். இதையும் எழுதி வைக்க வேண்டும்: அந்தப் பத்து நாளில் தெருவில், கடையில், பஸ்ஸில் எங்கேயும் எனக்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை.

விடுதி அறையில் எனக்கு வாய்த்தவள் மல்லிகா. மைசூர்க் கிளையில் ஒப்பந்த நர்ஸ். சொந்த ஊர் ஹனூர் பக்கம் ராமாபுரம், கர்நாடகத்திலேயே தமிழ் பேசுகிற எல்லையோரம். முப்பது வயதிருக்கும். புருஷன் இல்லை. எட்டு வயது மகளை ராமாபுரத்தில் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு இங்கே கிடக்கிறாள். அவளும் அதே பயிற்சிக்கு வருகிறவள்.

"வாங்க்கா, பெட்டிய இப்படிக் குடுங்க. தமிழ் கேட்டு எத்தன நாளாச்சுங்க்கா" என்றாள்.

"ஏட்டி, உனக்கு எதுக்கு இந்த சர்டிபிகேட்டு?" என்று கேட்டேன்.

'ஏட்டி' என்று கூப்பிட்டதும் ஒரு கணம் முழித்தாள். எங்கள் ஊரில் பிரியமாகக் கூப்பிடுவது என்று விளக்கியதும் சிரித்துவிட்டாள். "சர்டிபிகேட் இருந்தா வேலைய நிரந்தரம் பண்றாங்களாமுங்க்கா. பாப்பாவ இங்க கூட்டிட்டு வந்து ஸ்கூல்ல சேத்தோணும். இல்லீன்னா ஒப்பந்தம் இந்த மாசத்தோட சரி."

ராத்திரிச் சாப்பாட்டுக்கு ராகி முத்தே வந்தது. பந்துபோல ஒரு களி உருண்டை, பக்கத்தில் கீரைச் சாறு. நான் பாட்டுக்கு மென்றேன், பல்லெல்லாம் ஒட்டிக்கொண்டது. "மெல்லக் கூடாதுங்க்கா, சாத்துல தோச்சு அப்படியே முழுங்கோணும்" என்று செய்து காட்டினாள். அவள் கையில் அது அழகாக இறங்கியது. எனக்குத் தொண்டையில் நின்றது. இந்த ஊர்ச் சாம்பாரில் வெல்லம் போடுவதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, சொன்னால் சண்டை வரும்.

மறுநாள் வகுப்பு. பன்னிரண்டு பேர், எல்லோரும் நர்ஸ்கள். பயிற்சி தருகிற மேடம் ஐம்பதைத் தாண்டியவர், கசங்காத கைத்தறிச் சேலை, சத்தம் உயராத குரல். குறை சொல்ல முடியாத மனுஷி, அதுதான் எனக்கு மேலும் எரிச்சல். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். எனக்குப் புரிந்தவரை தமிழில் சொல்கிறேன்.

முதல் காரியமாக ஒரு மஞ்சள் அட்டையை எடுத்துக் காட்டினார். நீல நாடாவில் கோத்த பிளாஸ்டிக் அட்டை. 'எனக்கு இன்னும் ஆங்கிலம் வரவில்லை' என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. "இந்தக் கூரைக்குக் கீழே யார் தாய்மொழியில் பேசினாலும் இது அவர் கழுத்துக்குப் போகும். அதை மாட்டியிருப்பவர், இன்னொருவர் தாய்மொழி பேசுவதைக் கேட்டால் கழற்றி அவருக்கு மாட்டிவிடலாம். மாலை ஐந்து மணிக்கு யார் கழுத்தில் இருக்கிறதோ அவருக்கு ஒரு புள்ளி. மூன்று புள்ளி வாங்கியவருக்குச் சான்றிதழ் கிடையாது. விதி எல்லோருக்கும்தான். எனக்கும் சேர்த்து" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் என் கழுத்துக்கு வந்தது. தார்வாட்டிலிருந்து வந்திருந்த ஒரு பெண் கதவிடுக்கில் விரலை நசுக்கிக்கொண்டாள். நகம் பெயர்ந்து ரத்தம். பத்தொன்பது வருஷப் பழக்கம், என் கை போகிற இடத்துக்கு வாயும் போகும். அவள் கையைப் பிடித்து, "ஒண்ணுமில்ல தாயி, கையத் தூக்கிப் பிடி, அங்க பாக்காத, என்னையப் பாரு" என்று சொல்லிக்கொண்டே கட்டுப் போட்டேன். தமிழ் தெரியாத அந்தப் பெண்ணும் சொன்னபடி என்னைப் பார்த்தாள், அழுகையை நிறுத்தினாள். கட்டி முடித்ததும் நல்ல கையால் தன் கழுத்திலிருந்த மஞ்சள் அட்டையைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினாள். அன்று அது அவளிடம் இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. அன்று ஐந்து மணிக்கு எனக்கு முதல் புள்ளி விழுந்தது.

விடுதிக்கு வந்து அவளை வைதேன் பாருங்கள். நன்றி கெட்டவள், இவளெல்லாம் ஒரு நர்ஸா, ரத்தம் காய்வதற்குள் குழி பறித்துவிட்டாளே என்று நாக்கு ஓயும்வரை வைதேன். மல்லிகா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "பாவமுங்க்கா, அவளுக்கும் ரெண்டு புள்ளி ஆயிப்போச்சு, பயந்துட்டா" என்றாள். பயந்தால் இப்படியா செய்வார்கள், ஒருத்தி வயிற்றில் அடித்தா தான் பிழைக்க வேண்டும் என்று கேட்டேன். எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

வகுப்பில் அன்றாடப் பேச்சு என்று ஒரு பாடம். யாரையாவது பார்த்தால் 'ஹவ் ஆர் யூ', மன்னிப்புக் கேட்டால் 'நோ ஒரிஸ்', கிளம்பினால் 'டேக் கேர்', ஊருக்குப் போனால் 'ஹேவ் எ சேஃப் ஜர்னி'. நான் எழுந்து, ஹவ் ஆர் யூ என்று கேட்டதும் நோயாளி தன் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தால் எவ்வளவு நேரம் நிற்பது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். மேடம் பொறுமையாகச் சொன்னார்: "அது கேள்வி இல்லை. மரியாதை. பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். எட்டுப் பல் தெரியச் சிரியுங்கள், சொல்லுங்கள், நகருங்கள்."

எங்கள் ஊரிலும் 'சாப்ட்டியளா' என்று போகிற போக்கில்தான் கேட்போம். ஆனால் ஒருவர் இல்லை என்று சொல்லிவிட்டால் அவரை உட்கார வைத்து இலை போடாமல் நகர முடியாது. இதை ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன்.

வலிக்கும் பாடம் உண்டு. அடிபட்டால் 'ஐயோ' சொல்லக் கூடாது, 'அவுச்' சொல்ல வேண்டும். கை தவறினால் 'ஊப்ஸ்'. பன்னிரண்டு நர்ஸ்களும் வரிசையாக நின்று வலிக்காமலே அவுச் அவுச் என்று சொன்னோம். ஒவ்வொரு நாளும் எத்தனையோ பேர் வலியில் கத்துவதைக் கேட்ட காது இது. யோசித்துக் கத்தின ஒருவரை நான் பார்த்ததில்லை.

மல்லிகாவுக்கு 'சேஃப்' வரவே வராது. 'சேப்பு' என்பாள். 'ஹேவ்' என்பதை 'ஹாவு' என்பாள். சாயங்காலம் விடுதிக் கட்டிலில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். "மேல்பல்லு கீழ் உதட்டத் தொடணும்ட்டி. சூடான காப்பிய ஊதுத மாதிரி காத்த விடு." கண்ணாடியில் பார்த்து ஊதுவாள். எச்சில் தெறிக்கும். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்போம். "பாப்பா பாத்தா அம்மாக்குப் பைத்தியம் புடிச்சுப் போச்சும்பா" என்று மறுபடியும் ஊதுவாள். விடுதிக்குள் அந்த விதி கிடையாது. பத்து நாளில் நான் நிம்மதியாக இருந்த நேரம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மல்லிகா என்னை அக்ரஹாரத்துக்குக் கூட்டிப்போனாள். கோயில், சின்னச் சின்னக் கடைகள், ஆட்களை உரசிக்கொண்டு போகும் ஸ்கூட்டர்கள். ஒரு ஹோட்டலில் உள்ளே சிவப்புச் சட்னி தடவின மசால் தோசை சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். வெளியே பூக்கடையில் நம் மேடம் நின்றுகொண்டிருந்தார், பக்கத்தில் வயதான ஒரு அம்மாள்.

"துளசி மட்டும் போறும்மா. ஆத்துல பூ இருக்கே. வெயில்ல நிக்காதே, வா" என்று அந்த அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏட்டி, இந்த அம்மா தமிழா?"

"ஹௌதுங்க்கா, ஆமா. மேல்கோட்டை ஆளுங்க. பல தலமொறையா இங்கயே இருக்கறாங்க. வூட்டுல பேசறது அந்தத் தமிழ்தானுங்க" என்றாள் மல்லிகா.

மேடம் எங்களைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "குட் மார்னிங். லவ்லி வெதர்" என்றார், எட்டுப் பல் தெரிய. நாங்களும் குட் மார்னிங் சொன்னோம். அவருடைய அம்மா எங்களைப் பார்த்து, "சாப்பிட்டேளா?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் மேடம் அவரை நடத்திக் கூட்டிப்போய்விட்டார்.

ஏழாம் நாள் எனக்கு இரண்டாவது புள்ளி விழுந்தது. டீ கொண்டுவருகிறவரிடம் வாய் தவறி, "சீனி கொறச்சுப் போடுங்க" என்றேன், அவ்வளவுதான். மல்லிகாவுக்கும் அதற்குள் இரண்டு ஆகியிருந்தது. அவளுக்கு எல்லாம் போன் வழியாக வந்தவை. மத்தியானம் மகள் கூப்பிட்டால் எடுக்காமல் இருக்க மாட்டாள். "அதுகிட்ட இங்கிலீஷ்ல பேசினா பயந்துக்குமுங்க்கா" என்பாள்.

கடைசி நாள் மூன்று மணிக்கு டீக் கோப்பை சரிந்து என் தொடையில் கொட்டியது. "ஐயோ அம்மா" என்றேன். அவுச் என்று பத்து நாள் சொல்லிப் பழகினது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அட்டை வைத்திருந்தவள் ஓடி வந்து மாட்டினாள். ஐயோ என்பது மொழியா, சத்தமா என்று மேடத்திடம் வாதாடினேன். "ஐயோவை விட்டுவிடலாம், வடிவு. அம்மா என்பது தாய்மொழிதானே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சொன்னது நியாயம்தான்.

அதற்குப் பிறகு ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. கடைசி நாள், எல்லோரும் உதட்டைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாலரை ஆயிற்று. என் கண்ணுக்குள் லினன் ரூம்தான் தெரிந்தது. ஜன்னல் இல்லாத அறை, சலவை வாடை, ஆறு அடுக்கு இரும்பு அலமாரி. நான் எழுந்து வெளியே நடந்தேன். யாராவது எங்கேயாவது பேசுவார்கள் என்றுதான் நடந்தேன், பொய் சொல்லவில்லை.

மாடிப்படித் திருப்பத்தில் மேடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "மாத்திரை போட்டுண்டியாம்மா? சாத்தமுதைச் சுட வச்சுக்கோ. நான் ஆறு மணிக்குள்ள ஆத்துக்கு வந்துடறேன்" என்றார். தமிழ். அச்சு அசல் தமிழ், அதுவும் அந்தக் கூரைக்குக் கீழே. விதி எல்லோருக்கும்தான், எனக்கும் சேர்த்து என்று சொன்ன அதே வாய்.

நான் நாடாவில் கை வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். போனைப் பொத்திக்கொண்டு, "யெஸ், வடிவு?" என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார். என் சான்றிதழில் கையெழுத்துப் போடப் போகிறவர் அவர். கை கீழே இறங்கிவிட்டது.

"நத்திங், மேடம். ஹேவ் எ நைஸ் ஈவினிங்" என்றேன்.

"வெரி குட்" என்றார்.

பின்பக்கம் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் மல்லிகா சுவரைப் பார்த்து நின்றாள், காதில் போன். மகளுக்குக் காலையிலிருந்து காய்ச்சல் என்று எனக்குத் தெரியும், அவளே சொல்லியிருந்தாள். "அழுகாத சாமி. அம்மிச்சிகிட்ட போனக் குடு... அம்மா, துணிய நனைச்சு நெத்தில போடு. போர்வையப் போத்தாத. நான் ராத்திரிக்குள்ள வரப் பாக்கறேன்" என்று குரலை அடக்கிப் பேசிக்கொண்டிருந்தாள்.

ஐந்துக்கு எட்டு நிமிஷம் இருந்தது. திரும்பிப் போயிருக்கலாம். நான் அட்டையைக் கழற்றி, பின்னாலிருந்து அவள் கழுத்தில் மாட்டினேன்.

மல்லிகா திரும்பினாள். போனை வைக்க முடியாது, மறுமுனையில் குழந்தை அழுவது எனக்கே கேட்டது. என்னைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணுமில்ல சாமி, அம்மா இங்கதான் இருக்கறேன்" என்று சொன்னாள். அந்த எட்டு நிமிஷமும் அவள் போனை வைக்கவில்லை. யாரையும் தேடிப் போகவும் இல்லை.

ஐந்து மணிக்கு மேடம் மூன்றாவது புள்ளியைக் குறித்தார். பிறகு பெயர் வாசித்துச் சான்றிதழ் கொடுத்தார். என் கையைக் குலுக்கும்போது என் கண்ணை நேராகப் பார்த்து "வெல் டன்" என்றார். அவருக்கு எல்லாம் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் சான்றிதழை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அன்று இரவு அறையில் நான் இரண்டு தடவை "ஏட்டி மல்லிகா" என்று ஆரம்பித்தேன். அவள் மகளோடு போனில் இருந்தாள். காய்ச்சல் இறங்கிவிட்டது என்று அவள் பேச்சிலிருந்து தெரிந்துகொண்டேன். எனக்கு வழக்கம்போல ஒரு தட்டில் முத்தேயும் சாறும் எடுத்து வந்து மூடி வைத்திருந்தாள். அன்று மெல்லாமல் விழுங்கினேன், இறங்கிவிட்டது.

இப்போது நான் இன்சார்ஜ். வெளிநாட்டு வார்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இலங்கைத் தமிழர்கள், என்னைவிட நல்ல தமிழ் பேசுகிறார்கள். மல்லிகாவின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை, ராமாபுரத்துக்கே போய்விட்டாள் என்று மைசூர்க் கிளையில் ஒருத்தி சொன்னாள். மல்லிகாவின் நம்பர் என்னிடம் இருக்கிறது. கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது?

நான் கிளம்பின காலையில் அவள் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். "மல்லிகா, நான் செஞ்சது தப்புதான். போயிட்டு வாரேன்" என்றேன். போயிட்டு வாங்க்கா என்று ஒரு சொல் சொல்வாள் என்று நின்றேன்.

அவள் தலையைத் தூக்கிச் சிரித்தாள். எட்டுப் பல் தெரிந்தது.

"நோ ஒரிஸ், மேடம். ஹேவ் எ சேஃப் ஜர்னி" என்றாள்.

மேல்பல் கீழுதட்டைச் சரியாகத் தொட்டது. காற்றும் அளவாக வந்தது. ஒரு பிழை இல்லை. சொல்லிவிட்டு அவள் அடுத்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள், என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.